மாடிப்படி இறங்கினால் போதும்

அமைச்சர் அதைச் சொன்னபோது நான் ஆஸ்பத்திரிக் காத்திருப்புக் கூடத்தில் அழுக்குத் துணி வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். மேல் வார்டுகளிலிருந்து இறக்கிய விரிப்புகளும் போர்வைகளும் வண்டி நிறையக் கிடந்தன. அவற்றைச் சலவைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போகிற வழியில்தான் அந்தத் தொலைக்காட்சி மாட்டியிருக்கிறது. நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்கள் முன்னால் அழுக்குத் துணியோடு நிற்கக் கூடாது என்பது எங்களுக்கு விதி. அன்றைக்கு விதியாவது ஒன்றாவது என்று நின்றுவிட்டேன். சட்டசபையில் கேள்வி நேரம் நடந்துகொண்டிருந்தது. எழுந்து நின்று கேட்டவர் என் நாத்தனார்.

என் வீட்டுக்காரரின் அக்கா. எதிர்க்கட்சி உறுப்பினர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், அவர் மாடியில், நாங்கள் கீழே. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கட்சியைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று இவர், என் வீட்டுக்காரர், கேலி செய்வார். அண்ணி கேட்ட கேள்வி சின்னக் கேள்விதான். அரசுப் பணிமனைகளை மூடித் தனியாரிடம் கொடுத்தீர்களே, அதில் வேலை போனவர்களில் எத்தனை பேருக்கு மாற்று வேலை கொடுத்தீர்கள்? வேலையில்லாதவர்கள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும்போது, புதிதாக ஆளெடுப்பதில்லை என்கிற கொள்கையை மாற்றிக்கொள்வீர்களா, மாட்டீர்களா? இதை அவர் ஒரு வாரமாகக் குளிக்கும்போதும் துணி காயப்போடும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

அமைச்சர் எழுந்தார். கையில் ஒரு தாள்கூட இல்லை. துண்டைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். “மதிப்பிற்குரிய உறுப்பினர் இந்தக் கேள்விக்காக இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டியதில்லை. வீட்டு மாடிப்படி இறங்கினால் போதும். கீழ்வீட்டில் அவருடைய சொந்தத் தம்பி இருக்கிறார். மூடிய பணிமனையில் வெல்டராக இருந்தவர். அவருக்கு இந்த அரசு போன மாதம் நிரந்தர வேலை கொடுத்திருக்கிறது. தம்பிக்கு வேலை கிடைத்ததை மறைத்துவிட்டு, ஊரில் யாருக்குமே வேலை இல்லை என்கிறார். பசு மாட்டைத் தன் கொட்டிலில் கட்டிவிட்டுப் பாலே இல்லை என்று அழுகிறவரை என்ன செய்வது?”

சபையே குலுங்கிச் சிரித்தது. மேசையைத் தட்டினார்கள். அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தார், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மைக்கை நிறுத்திவிட்டார்கள். அவைத்தலைவர் அடுத்த உறுப்பினரைக் கூப்பிட்டார். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் கையில் கட்டுப்போட்ட ஒரு ஆள் வயிறு குலுங்கச் சிரித்தான். எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை எரிந்தது. என் வீட்டு மாடிப்படி! அதன் இரும்புக் கைப்பிடியை இவர் தன் கையால் பற்றவைத்துச் செய்தார். காலையில் நான் கூட்டி, தண்ணீர் தெளித்துத் துடைக்கிற படி. அதைக் கொண்டுபோய்ச் சபையில் வைத்து மிதிக்கிறான் பாவி. மரியாதை கொடுத்துத்தான் எழுத வேண்டும் என்றால் அமைச்சர் மிதிக்கிறார் என்று திருத்திக்கொள்ளுங்கள், எனக்கு வாய் வரவில்லை.

அந்த உத்தரவு வந்த கதையைச் சொல்ல வேண்டும். இவர் பேருந்துப் பணிமனையில் வெல்டர். பேருந்தின் எலும்புக்கூட்டைக் கட்டுகிற வேலை. ஒருநாள் பணிமனையை மூடினார்கள். அதற்குச் சீரமைப்பு என்று பெயர் வைத்தார்கள். குடியைக் கெடுக்கிறவன் எப்போதும் நல்ல பெயராகப் பார்த்துத்தான் வைப்பான். அதற்கப்புறம் மூன்று வருஷம் இவர் வீட்டில். சும்மா இருந்தார் என்று சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் இருக்கிற கம்பிக்கதவெல்லாம் இவர் கை. ஆனால் ஒரு தெருவில் எத்தனை கதவு இருந்துவிடும்? கதவு தீர்ந்தது, ஜன்னல் தீர்ந்தது. பிறகு எங்கள் வீட்டிலேயே ஒன்றைப் பிரித்து இன்னொன்றைச் செய்ய ஆரம்பித்தார். பழைய கட்டில் அலமாரி ஆனது, அலமாரி செருப்பு வைக்கிற ஸ்டாண்டு ஆனது. உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு செரிக்காத மனுஷன்.

நடுவில் கிடங்குத் துறையில் ஆளெடுக்கிறார்கள் என்று நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். மூடின பணிமனையின் ஆட்கள் மொத்தமும் போய் வெயிலில் வரிசையில் நின்றார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. கிணற்றில் போட்ட கல் மாதிரி கிடந்தது. அப்போது நான் வெட்கத்தை விட்டு மாடிக்குப் போய் அண்ணியிடம் கேட்டேன், யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று. அண்ணி ரொம்ப நேரம் என் கையையே பார்த்தார். ஈரத்துணியில் கிடந்து கிடந்து என் மணிக்கட்டு இரண்டும் வீங்கியிருக்கும், விரல் மடங்காது. “நான் உனக்காக ஒருத்தன்கிட்ட வாய் திறந்து கேட்டேன்னு வையி, அடுத்த நாள்ல இருந்து அந்த வாய் என்னோடது இல்லம்மா, அவனோடது” என்றார். நல்ல வசனம்தான். வசனத்தை வைத்துக்கொண்டு என் கையை என்ன செய்வது என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்தேன்.

போன மாதம் திடீரென்று உத்தரவு வந்தது. தபாலில்கூட இல்லை, ஒரு ஆள் ஜீப்பில் வந்து இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனான். கிடங்கு மேற்பார்வையாளர். நிரந்தரம். இவர் அதை மூன்று தடவை படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். நான் படிக்கவில்லை, அழுதேன். அழுதுகொண்டே மாடிக்கு ஓடினேன். அண்ணி சந்தோஷப்பட்டார், இல்லை என்று சொல்ல மாட்டேன், தம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஆனால் உடனே கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி.

“வேற யாருக்காவது வந்துச்சாடா?”

“தெரியலக்கா.”

“விசாரிச்சுப் பாரேன். ஒருத்தனுக்கு மட்டும் எப்படி வரும்?”

எனக்குச் சுருக்கென்றது. “ஏன் அண்ணி, எங்களுக்கு ஒரு நல்லது நடந்தா அதையும் நோண்டித்தான் பாக்கணுமா? நல்லா இருங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?” என்றேன். அண்ணி வாயை மூடிக்கொண்டார். அந்த வாயை அன்றைக்கு மூட வைத்தவள் நான்தான். அடுத்த வாரமே நான் ஆஸ்பத்திரியில் துவைக்கிற ஈரப்பக்கத்திலிருந்து மடிக்கிற காய்ந்த பக்கத்துக்கு மாற்றச் சொல்லி, அரை நாள் வேலை போதும் என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டரம்மா எத்தனையோ நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இனிமேல் கையைக் கொஞ்சம் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

சபையில் சிரித்த அன்றைக்குச் சாயங்காலம் அண்ணி வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்தார். எப்படி நடந்தது என்று அவரே சொன்னார். கேள்வி நேரத்தில் கேட்கிற கேள்வியை ஒரு மாதத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம். யார் கேட்கிறார், என்ன கேட்கிறார் என்பதெல்லாம் அமைச்சர் மேசைக்கு முதலிலேயே போய்விடும். பதில் தேடுவதற்காக அந்த அவகாசம். இவர்கள் அந்த ஒரு மாதத்தில் பதிலைத் தேடவில்லை. கேட்கிறவள் வாயை அடைக்க எது கிடைக்கும் என்று தேடியிருக்கிறார்கள். தேடி, மாடிப்படி இறங்கி, எங்கள் வீட்டுக்குள் வந்து, இவரைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

“அப்ப எனக்குத் தகுதி இல்லன்னு சொல்றியாக்கா?” என்று இவர் கேட்டார். குரல் உள்ளே போயிருந்தது.

“உனக்குத் தகுதி இல்லன்னு யாருடா சொன்னா? அந்த வரிசையில நின்ன அத்தனை பேருக்கும் தகுதி இருந்துச்சு. அதத்தானே கேக்கப் போனேன்.”

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. “உங்க அரசியல் சண்டைல எங்க வயித்துல அடிச்சுடாதீங்க அண்ணி. அவங்க எதுக்குக் குடுத்தாங்களோ, குடுத்தாச்சு. இனிமே எங்கள இழுக்காதீங்க. கையெடுத்துக் கும்பிடறேன்” என்றேன். வீங்கின கையைத்தான் எடுத்துக் கும்பிட்டேன். அண்ணி அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கட்சியிலிருந்தும் ஃபோன் வந்துகொண்டே இருந்தது. தம்பிக்கு வேலை வாங்கிக்கொண்டு எங்களுக்குத் தலைகுனிவு தேடிக் கொடுத்தாய், கொஞ்ச நாளைக்கு வாயைத் திறக்காதே என்று பெரிய தலைவரே சொல்லிவிட்டாராம். “இல்லம்மா. இனிமே இதப் பத்திப் பேச மாட்டேன். இவன் வேலைல இருக்கான்ல, இருக்கட்டும்” என்று எழுந்து போனார். நாற்பது வருஷமாக யாருக்கும் வளையாத முதுகு படியில் வளைந்து ஏறியதை நான் பார்த்தேன். பார்த்தும் பேசாமல்தான் இருந்தேன்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மறுநாள் சலவைப் பிரிவில் ஒருத்தியும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அங்கே இஸ்திரி உருளையைப் பார்த்துக்கொள்கிறவளை எல்லாரும் உருளையக்கா என்போம். எனக்கு அவள்தான் கூட்டாளி. கட்டில் விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து சேர்க்க வேண்டும். காய்ந்த பக்கத்துக்கு மாறினதிலிருந்து நானும் அவளும் பேசிக்கொண்டே மடிப்போம், ஒரு நாளும் முனை பிசகியதில்லை. அன்றைக்கு நான் ஒரு விரிப்பை எடுத்து முனையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“என் பையனும் அதே வரிசையிலதான் நின்னான். அதே பணிமனை, அதே பட்டறை. உன் வீட்டுக்காரருக்கு முன்னால நின்னவன். அவனுக்கு ஒரு அக்கா இல்ல, அதான் வரல.”

“அக்கா, சத்தியமா எங்க அண்ணி யார்கிட்டயும் கேக்கல.”

“கேக்காமலே குடுத்தாங்களா? ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம், குடை பிடிச்சுச்சாம். போடி.”

அவள் வேறு ஒருத்தியைக் கூப்பிட்டு மடிக்க ஆரம்பித்தாள். நான் மேசையில் விரித்துப் போட்டு, இந்தப் பக்கம் ஓடி, அந்தப் பக்கம் ஓடி, ஒருத்தியாகவே மடித்தேன். கோணலாகத்தான் வந்தது. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. பிறகு அவள் கோபத்தில் என்ன தப்பு என்றும் தோன்றியது. ஆளுங்கட்சி எங்களைக் காட்டிச் சிரிக்கிறது, எதிர்க்கட்சி எங்களைக் காட்டி முகம் சுளிக்கிறது, வேலையில்லாதவன் எங்களைப் பார்த்துத் துப்புகிறான். ஒரே ஒரு ஆளுக்கு வேலை கொடுத்து இத்தனை பேரை ஒருவர்மேல் ஒருவர் பாய வைத்துவிட்டார்கள். கெட்டிக்காரர்கள்தான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இவர் பேச்சைக் குறைத்துக்கொண்டே போனார். காலையில் எழுந்து, குளித்து, இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, தெருவில் இரண்டு பேர் பார்க்கும்படி நிதானமாக நடந்து போவார். சாயங்காலம் வருவார். என்ன வேலை, எப்படிப் போகிறது என்று கேட்டால் “போகுது” என்பார். சமையலறை ஜன்னல் கொக்கி கழன்று கிடந்தது. மூன்று வருஷம் சும்மா இருந்தபோது இப்படி ஒரு கொக்கிக்காக இவர் காத்துக் கிடந்திருப்பார். இப்போது பார்த்தும் பார்க்காத மாதிரி தாண்டிப் போனார். சட்டையைத் துவைக்க எடுத்தால் அது அழுக்காகவே இல்லை. நான் நாளெல்லாம் அழுக்கோடு வாழ்கிறவள். கிடங்கில் வேலை செய்கிறவனின் சட்டையில் தோளில் தூசி இருக்க வேண்டும், கைமடிப்பில் கறுப்பு இருக்க வேண்டும். இவர் சட்டையில் முதுகுப் பக்கம் மட்டும் நாற்காலிப் பின்னலின் அச்சு விழுந்திருந்தது, மற்றபடி அதை மறுபடி போட்டுக்கொண்டு போகலாம் போல இருந்தது.

ஒருநாள் சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அரை நாள்தானே, எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பேருந்து கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டது. தண்டவாளத்தை ஒட்டிப் பெரிய பெரிய தகரக் கொட்டகைகள். ஒன்றிலும் ஆள் இல்லை, லாரி இல்லை. வாசல் கேட்டின் ஒரு கதவு கீல் முறிந்து தரையில் சாய்ந்து கிடந்தது. காவலாளி முக்காலியில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தார்.

“மேற்பார்வையாளரப் பாக்கணும். அவர் வீட்டுக்காரி.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அட, சாருக்கு வீட்டுக்காரி எல்லாம் இருக்கீங்களா? பேசவே மாட்டாரே, நான் தனிக்கட்டைன்னுல்ல நெனச்சேன். உள்ள இருக்காரு, போங்க.”

“மத்தவங்க எல்லாம் எங்க?”

“எந்த மத்தவங்க? நானும் சாரும்தான். புறாவச் சேத்துக்கிட்டா நெறைய பேரு வருவோம். சரக்கெல்லாம் போயி வருஷமாச்சும்மா. இடத்தையே கம்பெனிக்காரனுக்கு எழுதிக் குடுத்தாச்சு. அவன் வந்து பூட்டுப் போடற வரைக்கும் நாங்க.”

உள்ளே போனேன். அத்தனை பெரிய கொட்டகையில் ஒரு மூட்டை இல்லை, ஒரு பெட்டி இல்லை. நடுவில் ஒரு மேசை, பிளாஸ்டிக் வயர் பின்னின ஒரு நாற்காலி. அதில் இவர் உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லை, ஃபோன் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் உட்கார வைத்த பையன் மாதிரி இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார், எதையோ ஒளிக்க நினைத்து மேசையைப் பார்த்தார். ஒளிக்க அங்கே ஒன்றும் இல்லை.

“நீ எதுக்கு வந்த?”

“என்னங்க இது?”

அவர் உட்கார்ந்தார். டப்பாவை வாங்கித் திறக்காமல் வைத்துக்கொண்டார். “முதல் நாளே கேட்டேன், என்ன வேலைன்னு. உக்காருங்கன்னாங்க. உக்காந்தேன். மறுநாள் கேட்டேன். அதான் உக்காரச் சொன்னோம்லன்னாங்க. சரி, கூட்டியாவது வைப்போம்னு துடைப்பத்த எடுத்தேன். வாட்ச்மேன் ஓடி வந்து பிடுங்கிட்டான். ‘சார், எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான், இதுலயும் கைய வைக்காதீங்க’ங்கறான். அவன் சொல்றதும் நியாயம்தான். அந்தக் கேட்டு கீலு முறிஞ்சு கெடக்கு, பாத்தியா? அஞ்சு நிமிஷ வேலை. வீட்லேருந்து வெல்டிங் மிஷின எடுத்துட்டு வந்து பத்த வச்சு விடறேன்னேன். ஆபீஸ்ல இருந்து ஃபோன் பண்ணித் திட்டறாங்க. அதுக்கு ஒப்பந்தக்காரன் இருக்கான், நீங்க தொடக் கூடாதாம்.”

“தொடாம இருக்கறதுக்கா ஒரு வேலை?”

“அதுக்குத்தான்.” சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. “அக்காகிட்ட சொல்லாத. யார்கிட்டயும் சொல்லாத. காலைல கெளம்பிப் போறேன்ல, தெரு பாக்குதுல்ல, அது போதும். மூணு வருஷம் தெருக்கதவத் தெறக்கவே கூசுச்சு எனக்கு. இப்ப அது இல்ல. இத விட்டா மறுபடி அந்த வீட்டுக்குள்ள என்னால உக்கார முடியாது. கெஞ்சிக் கேக்கறேன்.”

இவர் என்னிடம் கெஞ்சியதே இல்லை. பணிமனையை மூடின அன்றைக்குக்கூட வந்து, “மூடிட்டான், சாப்பாடு போடு” என்றுதான் சொன்னார். நான் சரி என்று தலையாட்டினேன். திரும்பி வருகிற பேருந்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, வெறி வந்தது. வேலை கொடுக்காமல் இருந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். வேலை இல்லாத மூன்று வருஷமும் இந்த மனுஷன் வெல்டராகத்தான் இருந்தார். வேலை கொடுத்த ஒரே மாதத்தில் ஒன்றுமில்லாதவராக ஆக்கிவிட்டார்கள். நேற்றுவரை இரும்பை உருக்கின கையை மேசைமேல் வைத்து, தொடாதே என்று காவல் போட்டிருக்கிறார்கள். அதற்கு நாங்கள் நன்றி வேறு சொல்ல வேண்டும், சபையில் அவர்கள் மேசையைத் தட்டிச் சிரிக்க வேண்டும். நடத்துநர் டிக்கெட் கேட்டபோது அவரிடம் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார், அவரும் ஒப்பந்த ஆள்தானாம்.

வீட்டுக்கு வந்து கீழே நிற்காமல் நேராக மாடிக்கு ஏறினேன். அண்ணி மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். மறுநாள் அதே அமைச்சரின் கிடங்குத் துறைச் செலவுக்குச் சபை ஒப்புதல் கொடுக்கிற விவாதம். எதிர்க்கட்சிக்காரர்களுக்கும் ஆளுக்குச் சில நிமிஷம் கிடைக்கும். அண்ணி சாக்கடையைப் பற்றியும் தெருவிளக்கைப் பற்றியும் எழுதி வைத்திருந்தார். தலைவர் அதைத்தான் பேசச் சொன்னாராம். நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். கொட்டகை, நாற்காலி, துடைப்பம், கேட்டுக் கீல். அண்ணி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. சபையே சிரித்தபோது அழாத மனுஷி.

“நாளைக்குப் பேசறதையும் முன்கூட்டியே எழுதிக் குடுக்கணுமா அண்ணி?” என்று கேட்டேன்.

“இல்ல. விவாதத்துல எழுந்து பேசிக்கலாம்.”

“அப்ப கேளுங்க.”

அவருக்குப் புரிந்துவிட்டது. பேனாவை மூடி வைத்தார். “அவன் கேக்கச் சொன்னானா?”

“இல்ல. யார்கிட்டயும் சொல்லாதன்னு கெஞ்சினாரு.”

“கேட்டா வேலை போயிடும்மா.”

“தெரியும்.”

“உன் கை?”

“என் கைய நான் பாத்துக்கறேன்.”

“அவன் ஜென்மத்துக்கும் என்னோட பேச மாட்டான்டி.”

அண்ணி என்னை அதுவரை ‘டி’ போட்டுப் பேசியதில்லை. “என்னோட மட்டும் பேசுவாரா? ஆனா அண்ணி, அவரு அங்க உக்காந்திருந்தாரு பாருங்க, அதப் பாத்துட்டு வந்து என்னால சோறு பொங்க முடியாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். நான் செய்தது சரியா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நம்பிச் சொன்ன மனுஷனின் மானத்தை எடுத்து அவர் அக்கா கையில் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு இவர் சாயங்காலம் வந்து, டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, “வாட்ச்மேன் நீ நல்லாப் பேசறேன்னு சொன்னான்” என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவராக வாய் திறந்து சொன்னது அது. நான் அந்த டப்பாவை எடுத்து மறுபடி கழுவினேன்.

மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து தொலைக்காட்சிக்கு நேர் எதிரே நிறுத்தினேன். உருளையக்காவும் வந்து கொஞ்சம் தள்ளிச் சுவரோரமாக நின்றாள், என்னைப் பார்க்காமல். யாரோ சொல்லியிருப்பார்கள், அவள் மகன் வரிசையில் நின்ற துறைதான் அன்றைக்கு என்று. சபையில் அமைச்சர் பக்கத்து இருக்கைக்காரரோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணி எழுந்தார். கையில் தாள் இல்லை.

“அவைத்தலைவர் அவர்களே, என் தம்பிக்கு வேலை கொடுத்ததாக அமைச்சர் இந்தச் சபையில் சொன்னார். நன்றி. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அவனுக்கு அங்கே என்ன வேலை?”

அமைச்சர் சிரித்த முகத்தோடு எழுந்தார். மேற்பார்வையாளர் வேலை என்றார். “எதை மேற்பார்வை பார்க்கிறான்?” என்றார் அண்ணி. கிடங்கை என்றார். “கிடங்கில் என்ன இருக்கிறது?” அமைச்சர் பின்னால் திரும்பினார். பின்வரிசையில் அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு துண்டுச்சீட்டு கைமாறி வந்தது. அமைச்சர் அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். விவரம் பிற்பாடு தரப்படும் என்றார்.

“விவரம் வேண்டாம். நேற்றுக் காலையிலிருந்து சாயங்காலம்வரை என் தம்பி செய்த ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். ஒன்று போதும். உங்கள் கொள்கையால் வேலை போனவர்கள் எல்லாரும் வாசலில் நிற்கிறார்கள். அதில் ஒருவனைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்து, அதைக் காட்டி மற்றவர்கள் வாயை மூடப் பார்த்தீர்கள். அந்த ஒருவனுக்காவது வேலை கொடுத்தீர்களா? அவனுக்கு என்ன வேலை?”

அவைத்தலைவர் மணி அடித்தார். ஆளுங்கட்சிக்காரர்கள் எழுந்து கத்தினார்கள். அண்ணியின் குரல் அவர்களை மீறி வந்தது, இந்தத் தடவை மைக்கை நிறுத்த அவர்களுக்குத் தோன்றவில்லை. யாரும் சிரிக்கவில்லை. கூடத்தில் ரிமோட் வைத்திருந்த ஆயாவிடமிருந்து உருளையக்கா அதை வெடுக்கென்று பிடுங்கிச் சத்தத்தைக் கூட்டினாள். என் இடுப்பில் ஃபோன் அதிர்ந்தது. இவர்தான். எடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். அது நின்று, மறுபடி அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்தேன்.

“என்னங்க” என்றேன்.

திட்டவில்லை, அழவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. நான் மறுபடி கூப்பிட்டேன். அந்தப் பக்கத்தில், காவலாளியின் ஃபோனாக இருக்கும், சபை ஓடிக்கொண்டிருந்தது. இங்கே அண்ணி பேசி முடித்தது அங்கே சில நொடி பிந்தித்தான் போய்ச் சேர்ந்தது. ஒன்றுமே இல்லாத அந்தக் கொட்டகையில் தகரத்தில் மோதி, சுவரில் மோதி, அண்ணியின் குரல் என் காதுக்குள் திரும்பத் திரும்ப வந்தது. என்ன வேலை, என்ன வேலை, என்ன வேலை. அதற்கு நடுவில் நாற்காலி ஒன்று தரையில் தேய்ந்து நகர்கிற சத்தம் கேட்டது.